கிணற்றடி மல்லிகை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழை பெய்யும் காலமும் மல்லிகை பூக்கும் காலமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் வாடைக்காற்றோடு கொட்டி முடிந்துவிடும். தை பிறந்தபின் வானம் வெளுக்கும். சித்திரையில் இடியோடு ஒன்றிரண்டு மழை விழுந்தால் அது மிச்சம். மல்லிகையோ பங்குனியில் அரும்பெடுத்து, சித்திரை வைகாசியில் செடி மூடப் பூத்து, ஆனி ஆடி வரை தொடர்கிறது. குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று பெயர் பெற்றிருப்பதும் மாரியில் மட்டும் வெள்ளம் வடியும் ஒரு தாழ்நிலம்தான். அப்படியிருக்க, தலைமுறை தலைமுறையாக வளவுகளில் இளவேனிற் பூ எப்படி இருந்துவந்தது? கிணற்றால் இருந்தது. யாழ்ப்பாணத்து மல்லிகையின் வரலாற்றை அரசர்களின் பூங்காக்களிலோ அந்நியரின் பங்களாத் தோட்டங்களிலோ தேடுவதைவிடக் கிணற்று நீரின் வரலாற்றில் தேடுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த நீரை யார் அள்ளினார்கள், யாருக்கு அது கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பனவும் இதில் அடங்கும்.

செடியின் இயல்பிலிருந்தே தொடங்கலாம். வளவுகளில் நாம் வளர்க்கும் மல்லிகை விதை பிடிப்பது மிக அரிது. அடுக்கு மல்லிகையில் அது இல்லையென்றே சொல்லலாம். பறவை எச்சத்திலோ காற்றிலோ அது வேலி தாண்டிப் போகாது. ஒரு கொப்பை வளைத்து மண்ணில் பதித்து வேர்விட்டதும் அறுத்தெடுத்த பதியனாகவோ, மழைக்காலத்தில் நட்ட தண்டாகவோதான் அது இன்னொரு வளவுக்குப் போயிருக்கிறது. ஆகவே குடாநாட்டில் இன்று நிற்கும் ஒவ்வொரு மல்லிகைக்குப் பின்னாலும் அதைக் கேட்டு வாங்கிய கையும் கொடுத்த கையும் உண்டு. வைத்தபின்னும் அது கவனிப்புக் கேட்கும். புதுத்தளிரின் நுனியில்தான் அரும்பு வரும் என்பதால், மாரி ஓய்ந்ததும் மார்கழிக் கடைசியிலோ தையிலோ கொப்புகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சிகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் களைய வேண்டும். பிறகு அடிமண்ணைக் கிளறி, எருவும் குழையும் புதைத்து, சில நாள் மண்ணைக் காயவிட்டு நீர் ஊற்றத் தொடங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் பூ வரும். வெட்டாமல் விட்ட செடி கொடிபோல் படர்ந்து இலை மட்டும் தரும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் கல்லில் ஊறும் கிணற்று நீரே தொடர்ந்து பாயும்போது வேருக்கு இரும்புச்சத்து எட்டாமல் போய், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளிக்கும். பூவரசங்குழையும் மாட்டெருவும் மக்கி மண்ணைப் பதப்படுத்தும்போது இது குறையும். வலிகாமத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் மண்ணில் அதிகம். இத்தனையும் சொல்வதற்குக் காரணம், நட்டுவிட்டு மறக்கக்கூடிய செடி இதுவல்ல என்பதைக் காட்டத்தான். தையில் அதன் கொப்பை வெட்ட ஆளும், பங்குனியில் ஊற்ற நீரும் இல்லாத வீட்டில் அது பூக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மல்லிகை இந்த மண்ணுக்கே உரியதுதானே, பற்றைக்காட்டில் தானாகப் படர்ந்து மணக்கிறதே, அதற்குக் கிணறு எதற்கு என்று கேட்கலாம். பற்றையில் படர்வது காட்டு மல்லிகை; ஒடுங்கிய இலையும் மெல்லிய இதழும் கொண்ட வேறோர் இனம். வறண்ட நிலத்தில் பிழைக்கப் பழகிய அது மழையை நம்பி வாழ்கிறது. யாரும் அதற்கு நீர் ஊற்றியதில்லை. அது இருப்பதே வளவு மல்லிகை இங்கு இயற்கையாக நிற்கவில்லை என்பதற்குச் சான்றாகிறது. தன்பாட்டில் வாழும் இனம் வேலிக்கு வெளியே நிற்க, பார்த்துப் பேணவேண்டியதை மனிதர் உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள்.

பூவும் கிணறும் சேர்ந்தே எண்ணப்பட்டதற்குப் பழைய சான்று ஒன்று யாழ்ப்பாண வைபவமாலையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூல் நல்லூர் நகரம் எழுந்த கதையைச் சொல்லும்போது, மதில், மாளிகை, கோபுரம் என்று அடுக்கிக்கொண்டு போய், பூங்காவையும் அதன் நடுவே நீராட்டு மண்டபத்தையும் மூன்று பக்கம் மடங்கிய கூபத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கூபத்தில் யமுனை நீரைக் கொண்டுவந்து கலந்தார்கள் என்பது ஐதிகம். நல்லூரில் இன்றும் இருக்கும், பகர வடிவில் கட்டிய யமுனா ஏரியே அது என்பர். நூல் எழுதப்பட்டது அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் பின்னர் என்பதால், பூங்கா எத்தனை பரப்பு, எந்தப் பூ நின்றது என்பதற்கெல்லாம் அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒரு யாழ்ப்பாணத்தவர் பூங்காவைக் கற்பனை செய்தபோது அதன் நடுவில் நீரை வைத்தார் என்பதற்கு அது நேரான சாட்சி. தமிழரின் கோயிற்கலையும் இதையே சொல்கிறது. மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று கட்டிய புதுமண்டபத்தைச் சுற்றி நீர் நிற்பதற்கு அகழி அமைத்தார்கள். வெயிலேறும் மாதங்களில் நீராலும் நிழலாலும் பூவாலும் குளிர்ச்சியை உண்டாக்குவதுதான் நம் நிலத்தின் வசந்தம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் எழுந்தருளி மூர்த்திக்கு வசந்த மண்டபத்தில் பூசை நடந்த பிறகே திருவிழா வெளியே வருகிறது; மகோற்சவம் முடிந்த மறுநாள் பூங்காவனத் திருவிழா நடக்கிறது. நயினாதீவில் ஆனி, நல்லூரில் ஆடி முதல் ஆவணி வரை இருபத்தைந்து நாள், செல்வச்சந்நிதியில் ஆவணி என்று பெரிய திருவிழாக்கள் வரிசையாக மழையற்ற மாதங்களில் வருகின்றன. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனின் பொங்கல் பங்குனித் திங்கள்களில். பூ அதிகம் வேண்டிய காலமும் வானம் நீர் தராத காலமும் ஒன்றாக இருக்கின்றன. அந்த இடைவெளியைக் கிணறு நிரப்பிற்று.

அரசருக்கும் கோயிலுக்கும் நந்தவனம் இருந்தது சரி, சாதாரண வீட்டு வளவுக்கு மல்லிகை எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1621இல் அவர்களின் தளபதி பிலிப்பு தெ ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். 1658இல் வந்த ஒல்லாந்தரும் நெடுங்காலம் பொது வழிபாட்டைத் தடுத்தார்கள். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று இன்றும் வழங்கும் செய்தி அந்தக் காலத்தது. கோயில் இல்லாதபோது வழிபாடு வீட்டுக்குள் ஒதுங்கியது. ஒதுங்கிய வழிபாட்டுக்குப் பூவும் வீட்டிலேயே வேண்டியிருந்தது. நந்தவனமும் மாலை கட்டும் பண்டாரமும் அற்ற நிலையில் வளவே நந்தவனமாயிற்று என்று கொள்வது பொருத்தமாகவே படுகிறது. ஒல்லாந்தரின் கட்டுப்பாடு தளர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் நல்லூர் மீண்டும் எழுந்து, ஆங்கிலேயர் காலத்தில் கோயில்கள் பெருகிய பின்னரும் வீட்டுப் பூ மறையாததற்கு வேறொரு காரணம் உண்டு. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சமய நூல்களில் பூவெடுக்கும் விதிகளைச் சிறுவருக்கும் புரியும்படி வகுத்தார். பழம்பூ ஆகாது, உதிர்ந்த பூ ஆகாது, இரவில் எடுத்தது ஆகாது, பறித்து வைத்து அலர்ந்ததும் ஆகாது. இவ்விதிகள் ஆகம வழியில் முன்பே இருந்தவைதான். நாவலரின் அச்சகமும் பள்ளிக்கூடங்களும் அவற்றை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. இந்த விதியை மல்லிகைக்குப் பொருத்திப் பாருங்கள். சந்தைக்குப் போகும் மல்லிகை மொட்டாகப் பறிக்கப்பட்டுக் கூடையிலேதான் விரியும். விதிப்படி அது பூசைக்கு உதவாது. செடியிலேயே மாலையில் விரிந்து, விடியலில் குளித்துவிட்டுப் பறித்த பூவே வேண்டும். அந்தப் பூவைக் காசு கொடுத்து வாங்க முடியாது. செடி எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மதுரையைச் சுற்றி நடந்ததுபோல மல்லிகை இங்கே பெருந்தோட்டப் பயிராகாமல் வளவுச் செடியாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

மற்றொரு காரணம் நீரின் விலை. குடாநாட்டில் தோட்டம் என்றால் இறைத்துச் செய்யும் பயிர்நிலம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து அதில் அரசாண்டது புகையிலை. திருவிதாங்கூர்ச் சந்தை யாழ்ப்பாணப் புகையிலையை நம்பியிருந்தது. அதற்கு நீர் வந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற, விடியுமுன் தொடங்கும் வேலை அது. இப்படி ஏற்றிய நீரைப் பூச்செடிக்குப் பாய்ச்ச எந்தக் கமக்காரனும் துணியமாட்டான். ஆகவே பூச்செடி ஓர் ஆடம்பரம், வசதி படைத்தவரின் அடையாளம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. மல்லிகை தோட்டத்தில் நின்றதில்லை. வீட்டுக் கிணற்றடியில் நின்றது. வீட்டார் குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், பூசைக் குடம் அலம்பிய நீர் எல்லாம் கிணற்றுக் கட்டிலிருந்து வாய்க்கால் வழியே ஓடும். வாய்க்காலின் சேற்று வாயில் வாழை நிற்கும், அடுத்துச் செவ்வரத்தை, ஈரம் குறைந்து மண் இறுகும் ஓரத்தில் மல்லிகை. மல்லிகைக்கு வேரில் நீர் தேங்கினால் ஆகாது என்பதை அறிந்து வைத்த ஒழுங்கு அது. அரப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் குளித்த காலத்தில் அந்த நீரால் மண்ணும் கெடவில்லை. தோட்டத்து இறைப்பு ஆண்களின் கணக்கில் இருந்தது. வீட்டுக் கிணற்றில் வாளி போட்டு அள்ளியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூவுக்குச் செலவான நீர் இரண்டாம் முறை உழைத்த நீர். அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. அந்த உழைப்பையும் எழுதவில்லை. பழைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமை, பிறர் நிலத்தில் வைத்த மரத்தின் பலன் யாருக்கு எவ்வளவு என்பதைக்கூடப் பேசுகிறது. காய்தரும் மரத்துக்கு வழக்கு இருந்தது. பூவுக்கு இல்லை, கேட்டால் பதியன் கொடுப்பதே வழக்கமாயிற்று.

ஆனால் கேட்கக்கூட முடியாதவர்கள் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் கிணற்றடியின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. துலா மிதித்தவர்களில் பலர் தமக்கென்று கிணறில்லாதவர்கள். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னும், ஒடுக்கப்பட்ட சாதியார், தம்மை உயர்த்திக்கொண்ட சாதியாரின் கிணற்றுக் கட்டில் கால்வைக்க முடியாமலிருந்தது. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குடம் குடிக்கவும் சமைக்கவுமே போதவில்லை. ஊரான் கிணற்றில் இறைத்துக் களைத்தவன் வளவில் மல்லிகை நிற்கவில்லையென்றால், அவனுக்குப் பூவில் விருப்பமில்லை என்று பொருளல்ல. குளித்த நீர் ஓடுவதற்கு அவனுக்குக் கிணற்றடியே இருக்கவில்லை. 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்துக்கும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்துக்கும் பின்னால் நின்ற கோரிக்கைகளில் கோயிலும் தேநீர்க்கடையும் மட்டுமல்ல, கிணறும் இருந்தது. தெய்வத்துக்குப் பூ வைக்கும் உரிமையும் அந்தப் பூவுக்கு நீர் ஊற்றும் வழியும் ஒரே கதவால் அடைக்கப்பட்டிருந்தன. வளவுப் பூவைப் பண்பாட்டுப் பெருமையாக மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அது தவறு.

முன்முற்றத்தில் பூச்செடி வைப்பதே வெள்ளைக்காரர் பழக்கம் என்ற கருத்தையும் பார்க்க வேண்டும். 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கிய அமெரிக்க மிசனும், வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் எழுந்த அதன் பள்ளிகளும், பின்னர் உத்தியோகத்தர் கட்டிய பங்களாக்களும் முற்றத்தின் தோற்றத்தை மாற்றின என்பது உண்மை. குரோட்டன், போகன்வில்லா, சாடியில் ரோசா, கேற்றிலிருந்து வாசல்வரை வரிசை பிடித்த பாத்தி எல்லாம் அந்தக் காலத்து வரவு. தெருவில் போகிறவர் பார்க்க வைத்த செடிகள் அவை. மல்லிகையோ தெருவுக்கு முகம் காட்டாத கிணற்றடியில், கிடுகு வேலிக்கு உள்ளே நின்றது. பங்களா வந்த பிறகு அதன் பதியன் ஒன்று முற்றத்துக்கும் போயிருக்கலாம். இடம்தான் மாறியது. பங்குனியில் அதற்கு ஊற்றிய நீர் பழைய கிணற்றிலிருந்தே வந்தது.

நீர் வரும் வழி மாறியபோதுதான் உண்மையில் மல்லிகைக்கு ஆபத்து வந்தது. 1950களிலிருந்து மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்கள் பரவின, துலாக்கள் விறகாயின. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் பெரும் விலை போக, இயந்திரங்கள் முன்னில்லாத அளவு நீரை மேலே கொண்டுவந்தன. நீர் எளிதாகக் கிடைத்தால் பூச்செடி பெருகத்தானே வேண்டும் என்று தோன்றலாம். நடந்தது வேறு. குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீர். புத்தூர் நிலாவரையில் மேல்நீர் இனிக்க, ஆழத்து நீர் உவர்க்கிறது. அளவுக்கு மீறி இறைத்த கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. உப்பு மல்லிகைக்குப் பகை. வீட்டுக்குள் வந்த மாற்றம் இதைவிட அமைதியானது, ஆழமானது. மேலே தாங்கியும் உள்ளே குளியலறையும் வந்ததும் குளித்த நீர் குழாய்வழியே மூடிய குழிக்குப் போயிற்று. கிணற்றடி காய்ந்தது. ஊரில் நீர் குறையாத வீட்டிலும் மல்லிகை பட்டதற்கு, அதற்குப் போன வாய்க்காலைச் சீமெந்தால் மூடியதே காரணம். கூடவே ஒரு தலைமுறை வெளிநாடு போயிற்று. தையில் கொப்பு வெட்டுபவர் இல்லாத செடிகள் இலைப்பற்றையாயின.

போரும் தன் பங்குக்குச் செய்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் ஒரே மூச்சாக இடம்பெயர்ந்தார்கள். உயர்பாதுகாப்பு வலயமாகி இருபது ஆண்டுக்கும் மேல் அடைந்து கிடந்த காணிகள் 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டபோது, பலருக்குத் தம் வளவின் எல்லையே தெரியவில்லை. விதை பிடிக்காத செடிக்கு இது பேரிழப்பு. மண்ணில் உறங்கிக் கிடந்து மழைக்கு முளைக்க அதனிடம் எதுவும் இல்லை. செடி செத்தால் அந்த வளவின் மல்லிகை முடிந்தது. முன்பு பதியன் வாங்கிப்போன உறவினர் வேறெங்காவது வைத்திருந்தால்தான் மீளும்.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்காகத் தவித்த ஊர்களுக்கு அது பெரிய ஆறுதல்; அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் மானியில் ஓடி மாதம்தோறும் பட்டியலாக வரும் நீரைப் பூச்செடிக்கு ஊற்றப் பலருக்கு மனம் வராது. வரவும் வேண்டியதில்லை. மல்லிகை இங்கே ஒருகாலும் முதல்நீரைக் குடித்து வாழ்ந்ததில்லை. குளியலறைக் குழாயைக் குழிக்கு விடாமல் வளவுப் பக்கம் திருப்பி, சவர்க்கார நீர் ஓரிடத்தில் தேங்காதபடி மணலும் சல்லியும் போட்டு வடியவிட்டு, முன்போலவே முதலில் வாழையையும் பிறகு செவ்வரத்தையையும் கடைசியில் மல்லிகையையும் வைத்தால் போதும். ஒரு கொத்தனாருக்கு அது அரைநாள் வேலை. குழி நிறைந்து பக்கத்துக் கிணற்றில் கழிவு ஊறும் தொல்லையும் அதனால் குறையும்.